பில் ஆஃப் என்ட்ரியில் நாம் போடும் கையெழுத்து



2020-ஆம் ஆண்டு ஆகஸ்ட் 4-ஆம் தேதி லெபனான் நாட்டின் பெய்ரூட் துறைமுகத்தில் அம்மோனியம் நைட்ரேட் கிடங்கு வெடித்தது பலருக்கும் நினைவிருக்கும். 2,750 டன் சரக்கு. இருநூறு பேருக்கு மேல் இறந்து போனார்கள். அந்தச் செய்தி வந்த ஓரிரு நாளில், நம் வியாசர்பாடிக் கடைக்குப் பருப்பு எடுக்க வந்த ஒரு மளிகைக்காரர், "அண்ணாச்சி, அதே சரக்கு நம்ம மணலியிலயும் கிடக்காமே, மெய்யா?" என்று கேட்டார். கொரோனா காலம், ஆளுக்கொரு வதந்தி உலவிய நேரம். இதுவும் அப்படித்தான் இருக்கும் என்று நாம் சிரித்து அனுப்பிவிட்டோம்.

மாலைப் பத்திரிகையைப் பார்த்தபோது சிரிப்பு போய்விட்டது. 740 டன் அம்மோனியம் நைட்ரேட், 37 கண்டெய்னர்களில், மணலியில் உள்ள ஒரு தனியார் சரக்குப் பெட்டக நிலையத்தில் 2015 முதல் இருந்து வந்திருக்கிறது. தென் கொரியாவிலிருந்து சென்னைத் துறைமுகத்துக்கு வந்த சரக்கு. மதிப்பு 1 கோடியே 80 லட்சம் ரூபாய். கொண்டு வந்தவர் காகிதத்தில் எழுதியது உரத் தரம். வந்திருப்பது வெடிமருந்துத் தரம் என்று கூறிச் சுங்க இலாகா அந்த ஆண்டு நவம்பரில் அதைக் கைப்பற்றியது. அதற்குப் பிறகு வழக்கு, மேல் வழக்கு. இடையில் 2015 டிசம்பர் வெள்ளம் வந்து கொஞ்சம் சரக்கு வீணாயிற்று. மீதி 697 டன்னை மின்னணு ஏலத்தில் ஐதராபாத் நிறுவனம் ஒன்று எடுத்து, பெய்ரூட் விபத்துக்குப் பிறகு அவசர அவசரமாக லாரிகளில் ஏற்றிக் கொண்டு போனார்கள். ஏறத்தாழ ஐந்து வருடம் அந்தப் பெட்டிகள் மணலியில் நின்றன. அந்தப் பக்கம் நம் லாரிகள் தினமும் போய் வந்தன. எண்ணூர் நெடுஞ்சாலையில் டீ குடித்துவிட்டுப் போகும் நம் டிரைவர்களுக்கு அந்தப் பெட்டிகளில் என்ன இருக்கிறது என்று தெரியாது. நமக்கும் தெரியாது.

அம்மோனியம் நைட்ரேட்டுக்கென்று 2012-இல் தனி விதிகளே போட்டிருக்கிறார்கள். யார் வைத்திருக்கலாம், எங்கே வைக்கலாம், எந்த வண்டியில் ஏற்றலாம் என்று ஒவ்வொன்றுக்கும் உரிமம் உண்டு. அந்த விதிகள் எல்லாம் வேலை செய்ய வேண்டுமானால், வந்திருப்பது இன்ன சரக்கு என்று யாராவது ஒருவர் முதலில் சரியாக எழுத வேண்டும். அந்த ஒருவர் இறக்குமதியாளர்தான்.

இதெல்லாம் கெமிக்கல் வியாபாரிகள் சமாசாரம், மளிகைக்காரனுக்கு என்ன வந்தது என்று சிலர் கேட்கலாம். நம் கடை அலமாரியை ஒரு தடவை திரும்பிப் பாருங்கள். உளுந்து பர்மாவிலிருந்து வருகிறது. துவரை ஆப்பிரிக்காவிலிருந்து வருகிறது. மஞ்சள் பட்டாணியும் மைசூர்ப் பருப்பும் கனடாவிலிருந்து கப்பலேறுகின்றன. பாமாயில் இந்தோனேசியா, மலேசியா. பட்டையும் அன்னாசிப்பூவும் வியட்நாம், சீனா. பேரீச்சை ஈரான், அரபு நாடுகள். பெருங்காயத்தின் மூலப் பால்கூட ஆப்கானிஸ்தான் பக்கத்திலிருந்துதான் வரவேண்டும். பர்மாவிலிருந்து அகதிகளாக வந்து நம் வியாசர்பாடியில் குடியேறியவர்கள் அந்தக் காலத்தில், "நாங்க விட்டுட்டு வந்த ஊர் உளுந்துதான் எங்க பின்னாலயே கப்பல்ல வருது" என்று நம் தகப்பனாரிடம் வேடிக்கையாகச் சொல்வார்கள். கடலைப் பார்க்காத மளிகைக்காரரின் கல்லாவிலும் துறைமுகம் இருக்கிறது.

முன்பெல்லாம் இறக்குமதி என்றால் கோவிந்தப்ப நாயக்கன் தெருவிலும் பாரிமுனையிலும் உள்ள பெரிய கைகள் செய்கிற வேலை. இப்போது அப்படி இல்லை. நான்கைந்து சில்லறைக் கடைக்காரர்கள் சேர்ந்து ஒரு கண்டெய்னர் இறக்குகிறார்கள். நல்ல விஷயம். ஆனால் அவர்களில் பலர் பில் ஆஃப் என்ட்ரியைப் படித்துப் பார்த்ததே இல்லை. "அதெல்லாம் ஏஜெண்ட் பாத்துக்குவார்" என்பதுதான் பதில். அதனால்தான் இதை எழுதுகிறோம்.

பில் ஆஃப் என்ட்ரியில் இருப்பது பெரிய வித்தை ஒன்றும் இல்லை. சரக்கின் பெயர், அதன் எட்டு இலக்க வகைப்பாட்டு எண், எடை, எண்ணிக்கை, விலை, கப்பல் கட்டணம், இன்சூரன்ஸ், விளைந்த நாடு, ஏதாவது வரிச் சலுகை கேட்டால் அதன் அறிவிக்கை எண். நம் வீட்டுச் சிட்டையைப் போன்றதுதான். முன்பு நாம் எழுதிக் கொடுப்போம், அதிகாரி பார்த்து வரி போடுவார். 2011-இல் அந்த முறை மாறிவிட்டது. இப்போது வரியையும் நாமே கணக்கிட்டு எழுத வேண்டும். சுய மதிப்பீடு என்று பெயர். 2018-இல் சுங்கச் சட்டத்தின் 46-ஆவது பிரிவில் 4ஏ என்று ஓர் உட்பிரிவைச் சேர்த்தார்கள். எழுதிய விவரம் சரியாகவும் முழுமையாகவும் இருக்கிறதா, இணைத்த ஆவணங்கள் உண்மையானவையா, அந்தச் சரக்குக்கு உள்ள தடை, கட்டுப்பாடுகளுக்கு உட்பட்டிருக்கிறதா என்று பார்த்துக்கொள்வது இறக்குமதியாளர் பொறுப்பு என்று அதில் இருக்கிறது. அதனால் "எனக்குத் தெரியாது, ஏஜெண்ட் எழுதினார்" என்று கைகழுவ முடியாது.

இன்னொரு மாற்றம் 2020-இல் வந்தது. முகம் பாராத மதிப்பீடு என்பார்கள். அந்த ஜூன் 8-ஆம் தேதி நாட்டிலேயே முதலில் பெங்களூரிலும் நம் சென்னையிலும்தான் அதைத் தொடங்கினார்கள்; முதலில் இயந்திரங்களுக்கும் மின்சாதனங்களுக்கும், அக்டோபர் முடிவதற்குள் எல்லாச் சரக்குக்கும். சென்னையில் இறங்குகிற நம் பேரீச்சையின் காகிதத்தை வேறு ஊரில் உட்கார்ந்திருக்கும் அதிகாரி கணினியில் பார்ப்பார். முன்பு ராஜாஜி சாலையில் கஸ்டம்ஸ் ஹவுஸ் படியேறி, "சார், அது அப்படி இல்லை, இப்படி" என்று நேரில் விளக்கிவிட்டு வரலாம். இப்போது விளக்க ஆள் இல்லை. காகிதத்தில் என்ன இருக்கிறதோ அதுதான் நம் வாய்ப்பேச்சு.

விலை எழுதுவதில் நம்மவர்கள் தெரிந்தும் தெரியாமலும் செய்கிற பிழைகள் சில. இன்வாய்ஸில் இருப்பது சரக்கின் விலை மட்டுமா, கப்பல் கட்டணமும் சேர்த்தா என்று பார்ப்பதில்லை. கட்டணமும் இன்சூரன்ஸும் தெரியாவிட்டால் சரக்கு விலையில் 20 சதவீதம் கட்டணமாகவும் 1.125 சதவீதம் இன்சூரன்ஸாகவும் வைத்துக் கணக்கிடுவார்கள். உண்மைக் கட்டணத்தின் ரசீது கையில் இருந்தும் கொடுக்காமல் வீணாக அதிக வரி கட்டியவர்களையும் நாம் பார்த்திருக்கிறோம். அடுத்தது உறவு. துபாயில் மைத்துனர், சிங்கப்பூரில் சித்தப்பா மகன் கடை வைத்திருப்பார். அவரிடமிருந்து சரக்கு வரும். விற்பவரும் வாங்குபவரும் உறவினரா என்று கேட்கும் இடத்தில் இல்லை என்று எழுதிவிடுவார்கள், ஏதோ பயத்தில். உறவு என்பதற்காக மட்டும் விலையைத் தள்ளிவிட மாட்டார்கள். உறவு விலையைப் பாதிக்கவில்லை என்று காட்டினால் போதும். உறவை மறைத்தது பின்னால் தெரிந்தால்தான் விலையில் சந்தேகம் வரும்.

உணவுப் பொருளுக்கு வேறு தொல்லையும் உண்டு. காலாவதித் தேதிக்கு முன் எவ்வளவு நாள் மிச்சம் இருக்க வேண்டும் என்ற கணக்கு, லேபிள், மாதிரி எடுப்பது என்று உணவுப் பாதுகாப்பு ஆணையத்தின் விதிகள் தனி. கசகசாவுக்குக் குவாலியரில் உள்ள போதைப்பொருள் ஆணையர் அலுவலகத்தில் ஒப்பந்தத்தைப் பதிவு செய்ய வேண்டும், அதுவும் குறிப்பிட்ட நாடுகளிலிருந்துதான் வரலாம். கசகசாவை வேறு விதை என்று எழுதிக் கொண்டு வந்து அகப்பட்டவர்கள் உண்டு. அதைப் பற்றித் தனியாக ஒரு கட்டுரையே எழுதலாம்.

இப்போது நம் கதைக்கு வருவோம். ஊருக்கு உபதேசம் செய்வதற்கு முன் இதைச் சொல்லிவிட வேண்டும்.

2003-ஆம் ஆண்டு. நாம் இறக்குமதி உரிம எண் வாங்கி இரண்டு கண்டெய்னர் பேரீச்சை நல்லபடியாக இறக்கியிருந்தோம். மூன்றாவது, அந்த வருட ரம்ஜானுக்காக வரவழைத்தது. நவம்பர் கடைசியில் பெருநாள். மண்ணடி, ராயபுரம், பெரம்பூர்ப் பக்கத்துக் கடைக்காரர்கள் பலர் முன்பணம் கொடுத்திருந்தார்கள். துபாயில் இருந்த விற்பனையாளர் முந்தைய சரக்கில் சில பெட்டிகள் குறைவாக அனுப்பியிருந்தார். அதற்குக் கடிதம் போட்டிருந்தோம். அவரிடமிருந்து ஒரு ஃபேக்ஸ் வந்தது. பழைய குறைவுக்கு ஈடாக இந்தக் கண்டெய்னரில் 40 பெட்டி பிஸ்தா சேர்த்து ஏற்றியிருக்கிறேன், இதற்குப் பணம் வேண்டாம் என்று எழுதியிருந்தார். பணம் இல்லாததால் இன்வாய்ஸில் பிஸ்தா இல்லை. பேக்கிங் லிஸ்ட்டிலும் இல்லை.

ஃபேக்ஸ் தாளை மடித்து மேசை இழுப்பறையில் வைத்தோம். ஏஜெண்ட் வந்தார். வயதில் சிறியவர், ஆனால் வேலையில் கவனமானவர். "இன்வாய்ஸ்ல இருக்கிறது மட்டும்தானே அண்ணாச்சி? வேற ஒண்ணும் இல்லையே?" என்று கேட்டார். தலையாட்டினோம்.

மறந்து போய்த் தலையாட்டினோமா, மறைக்க நினைத்துத் தலையாட்டினோமா? இருபது வருடமாக நம்மை நாமே கேட்டுக்கொள்ளும் கேள்வி இது. பிஸ்தாவுக்கு வரி கட்டினால் சுமார் 50 ஆயிரம் ஆகும் என்று மனதில் ஒரு கணக்கு ஓடியது மட்டும் நன்றாக நினைவிருக்கிறது. மறந்தவனுக்குக் கணக்கு ஓடாது.

கண்டெய்னரைத் திறந்து பார்க்க வேண்டும் என்று உத்தரவாயிற்று. நடு வரிசையில் பிஸ்தா பெட்டிகள். அதிகாரி கேட்டபோது, "அனுப்பியவர் தவறாக ஏற்றியிருப்பார்" என்றோம். அது இரண்டாவது பொய். முதலாவதற்குக்கூட மறதி என்று சாக்குச் சொல்லலாம். அன்று இரவு நம் ஆடிட்டர் வீட்டுக்குப் போய் நடந்ததைச் சொன்னபோது, அவர் சட்டம் ஒன்றும் பேசவில்லை. "அந்த ஃபேக்ஸ் எங்கே?" என்றார். "டிராயர்ல இருக்கு" என்றோம். "நாளைக்குக் காலையில அதை எடுத்துக்கிட்டு, ஒரு கடிதமும் எழுதிக்கிட்டு நேரா போங்க. கிழிச்சுப் போட்டீங்கன்னா என்கிட்ட வராதீங்க" என்றார். போய்க் கொடுத்தோம்.

பணம் கொடுக்காத சரக்குக்கும் மதிப்பு உண்டு, அதற்கும் வரி உண்டு என்று அன்றைக்குத்தான் தெரிந்துகொண்டோம். பிஸ்தாவைப் பறிமுதல் செய்து, மீட்புத் தொகை கட்டினால் எடுத்துக்கொள்ளலாம் என்று உத்தரவு போட்டார்கள், அபராதம் தனி. நாமே ஃபேக்ஸைக் கொடுத்ததால் கொஞ்சம் இரக்கம் காட்டினார்கள் என்றுதான் சொல்ல வேண்டும். ஆனால் அதுவரை பேரீச்சையும் சேர்ந்து யார்டிலேயே கிடந்தது. தினமும் டெமரேஜ் ஓடியது. பெருநாள் முடிந்து பதினோராவது நாள் சரக்கு கைக்கு வந்தது. ரம்ஜான் முடிந்த பிறகு பேரீச்சையை யார் கேட்பார்கள்? ஊறுகாய் போடுகிறவருக்கும் ஸ்வீட் கடைக்கும் வந்த விலைக்குத் தள்ளினோம். 50 ஆயிரம் மிச்சம் பிடிக்கப் போய் நாலு லட்சத்துக்கு மேல் நஷ்டம்.

மண்ணடியில் ஒரு பாய், நம் தகப்பனார் காலத்து வாடிக்கை. முன்பணத்தைத் திருப்பிக் கொடுக்கப் போனோம். எண்ணிக்கூடப் பார்க்காமல் வாங்கி வைத்துக்கொண்டு, "பரவாயில்லை அண்ணாச்சி, அடுத்த வருஷம் பாத்துக்கலாம்" என்றார். டீ வாங்கிக் கொடுத்தார். அடுத்த வருடம் அவர் வேறு இடத்தில் வாங்கினார். அதற்கு அடுத்த வருடமும் அப்படியே.

அன்றிலிருந்து நம் கடையில் ஒரு பழக்கம். வெளிநாட்டிலிருந்து வரும் எந்தக் கடிதமானாலும், இப்போது வாட்ஸ்அப் செய்தியானாலும், பிரதி எடுத்து ஏஜெண்டுக்குப் போகும். பில் ஆஃப் என்ட்ரி தாக்கல் செய்யும் முன் கணக்குப்பிள்ளை உரக்கப் படிப்பார், நாம் ஆர்டர் நகலை வைத்துக்கொண்டு ஒவ்வொரு வரியாகச் சரி பார்ப்போம். கால் மணி நேரம் ஆகும். கப்பல் வந்து சேரும் நாளுக்கு முந்தைய நாளுக்குள் தாக்கல் செய்ய வேண்டும் என்று 2021-இல் பொதுவான விதியை மாற்றியிருக்கிறார்கள். தாமதமானால் முதல் மூன்று நாளைக்கு நாளொன்றுக்கு 5,000 ரூபாய், அதற்கு மேல் 10,000 ரூபாய். ஆகவே காகிதங்களை முன்கூட்டியே வாங்கி வைக்காவிட்டால் அந்தக் கால் மணி நேரம் கிடைக்காது.

விலையைக் குறைத்து எழுதுகிறவர்கள் போடும் கணக்கையும் பார்த்துவிடுவோம். 10 லட்ச ரூபாய் சரக்கு. வரி 30 சதவீதம் என்று வைத்துக்கொள்வோம். 6 லட்சம் என்று எழுதினால் 1 லட்சத்து 20 ஆயிரம் மிச்சம். அகப்பட்டால், அந்த 1 லட்சத்து 20 ஆயிரத்தை ஆண்டுக்கு 15 சதவீத வட்டியுடன் கட்ட வேண்டும். வேண்டுமென்றே செய்ததாக முடிவானால் 114ஏ பிரிவின்படி வரிக்குச் சமமான அபராதம். பொய் ஆவணம் தெரிந்தே கொடுத்திருந்தால் 114ஏஏ பிரிவில் சரக்கு மதிப்பைப் போல் ஐந்து மடங்கு வரை போகலாம். சாதாரணத் தவறுக்கு இரண்டு வருடத்துக்குள் நோட்டீஸ் அனுப்ப வேண்டும். மோசடி என்றால் ஐந்து வருடம் வரை பின்னோக்கிப் போகலாம். இன்றைக்குத் தப்பித்தோம் என்று நிம்மதியாகத் தூங்க முடியாது.

அகப்படாவிட்டால்? அந்த 1 லட்சத்து 20 ஆயிரம் அடுத்த கடைக்காரர் வயிற்றிலிருந்து வருகிறது. மிளகு விஷயத்தில் இது ஊரறிந்த கதை. வெளிநாட்டு மிளகுக்குச் சாதாரண வரி 70 சதவீதம். இலங்கையோடு 1998-இல் கையெழுத்தாகி 2000 மார்ச் முதல் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தத்தின்படி இலங்கை மிளகுக்கு வருடம் 2,500 டன் வரை வரியே இல்லை. இலங்கை விவசாயிக்காகக் கொடுத்த சலுகை இது. வியட்நாமில் விளைந்த மிளகு கொழும்பில் இறங்கி, இலங்கை மிளகு என்ற சான்றிதழோடு நம் துறைமுகங்களுக்கு வருகிறது என்று குடகு, வயநாடு, இடுக்கி விவசாயிகள் புகார் செய்தார்கள். 2017 டிசம்பரில் மத்திய அரசு கிலோவுக்கு 500 ரூபாய் என்று குறைந்தபட்ச இறக்குமதி விலை வைத்தது. 2018 மார்ச்சில் அதற்குக் குறைந்த விலையில் மிளகு இறக்குமதியே கூடாது என்று தடை போட்டது. உடனே வேறு புகார் கிளம்பியது. 500-க்கு மிகவும் குறைவாக வாங்கிய மிளகை 500-க்கு மேல் என்று எழுதிக் கொண்டு வருகிறார்கள் என்று! விலையைக் கூட்டி எழுதுவதும் பொய்தான் என்பதற்கு இதைவிட நல்ல உதாரணம் கிடைக்காது. இந்த மாதிரிக் கூத்துகளின் விளைவாக 2020 செப்டம்பர் 21 முதல், சலுகை வரி கேட்கிற இறக்குமதியாளர் சான்றிதழை மட்டும் நீட்டினால் போதாது. அந்த நாட்டில் விளைந்தது அல்லது தயாரானது எப்படி என்ற விவரத்தைத் தாமே கேட்டு வாங்கி ஐந்து வருடம் வைத்திருக்க வேண்டும் என்று விதி வந்துவிட்டது. நேர்மையாக வியாபாரம் செய்தவனுக்கும் சேர்த்துத்தான் இந்தக் காகித வேலை.

அந்த நாட்களில் நம்மிடம் மிளகு எடுக்கும் ஒரு கொளத்தூர் மளிகைக்காரர், எதிர்க்கடையில் கிலோவுக்கு நாற்பது ரூபாய் குறைத்து விற்கிறார்கள் என்று நம்மைச் சந்தேகத்தோடு பார்த்தார். நாம் அதிக லாபம் வைக்கிறோம் என்று அவர் நினைத்தார். கொள்முதல் பில்லை எடுத்துக் காட்டினோம். பார்த்துவிட்டு, "அப்ப அவன் எப்படிக் குடுக்கிறான்?" என்றார். நம்மிடம் பதில் இருந்தது, ஆதாரம் இல்லை. சும்மா இருந்தோம்.

வரி கட்டுவது கசக்கத்தான் செய்யும். முதலாம் குலோத்துங்கனுக்குச் சுங்கம் தவிர்த்த சோழன் என்று பட்டம் கொடுத்த மக்கள் நாம். அந்த அரசர் இன்னும் ஆட்சியில் இருப்பதாக நினைத்துக்கொண்டு சிலர் வியாபாரம் செய்கிறார்கள், அவ்வளவுதான்.

"நாம ஒழுங்கா எழுதினாலும் கை நீட்டுறாங்களே, அண்ணாச்சி?" என்று சங்கக் கூட்டங்களில் கேட்பவர்கள் இருக்கிறார்கள். கேள்வி நியாயமானது. 2025 அக்டோபரில் சென்னையைச் சேர்ந்த ஓர் இறக்குமதி நிறுவனம், லஞ்சத் தொல்லை தாங்காமல் இறக்குமதியை நிறுத்துகிறோம் என்று பகிரங்கமாக அறிவித்தது. சுங்க இலாகா அதை மறுத்து, சரக்கைத் தவறாக எழுதியிருந்தார்கள் என்றது. மத்திய நிதி அமைச்சகம் விசாரணைக்கு உத்தரவிட்டது. யார் பக்கம் நியாயம் என்று தீர்ப்புச் சொல்ல நாம் யார்? ஆனால் அந்தச் சண்டையில் ஒன்றைக் கவனித்தோம். கேள்வி கேட்கப் புறப்பட்டவரிடம் முதலில் வந்த பதில், "உன் காகிதம் சரியா?" என்பதுதான். நம் அனுபவத்திலும் அப்படியே. 2003-இல் யாராவது நம்மிடம் ஏதாவது கேட்டிருந்தால், மறு பேச்சுப் பேசாமல் கொடுத்திருப்போம். இழுப்பறையில் ஃபேக்ஸை வைத்துக்கொண்டு எந்த வாயால் மாட்டேன் என்று சொல்வது?

தவறு நடந்துவிட்டால் திருத்த வழி இருக்கிறது என்பது பலருக்குத் தெரிவதில்லை. சரக்கு வெளியேறும் முன் கையில் இருந்த ஆவணத்தைக் காட்டி 149-ஆவது பிரிவில் திருத்தம் கேட்கலாம். 2025 நிதிச் சட்டத்தில் 18ஏ என்று புதிய பிரிவு சேர்த்திருக்கிறார்கள். சரக்கு வெளியே வந்த பிறகுகூட, குறித்த காலத்துக்குள் நாமே முன்வந்து பில் ஆஃப் என்ட்ரியைத் திருத்தி, குறைந்த வரியையும் வட்டியையும் கட்டிவிடலாம். ஆனால் தணிக்கையோ சோதனையோ தொடங்கிவிட்டால் இந்தக் கதவு மூடிவிடும். நோட்டீஸ் வந்த பிறகும், வரி, வட்டியோடு வரியில் 15 சதவீத அபராதத்தை முப்பது நாளுக்குள் கட்டினால் விஷயம் முடிந்துவிட இடமுண்டு. எந்த எண்ணில் வகைப்படுத்துவது என்று உண்மையிலேயே சந்தேகம் இருந்தால் முன்கூட்டியே தீர்ப்புக் கேட்டு வாங்கவும் ஏற்பாடு இருக்கிறது. சிறு வியாபாரிக்கு அது பெரிய ஏற்பாடுதான். நாலைந்து பேர் ஒரே சரக்கு இறக்குகிறவர்கள் இருந்தால் யோசிக்கலாம்.

கடைசியாக ஒன்று. இதைச் சொல்லத்தான் முக்கியமாக எழுத உட்கார்ந்தோம்.

சென்ற ஆண்டு சர்மா நகர்ப் பக்கத்திலிருந்து ஒரு தம்பி வந்தார். சின்ன மளிகைக் கடை. கணவன் மனைவி இருவரும் பார்த்துக்கொள்கிறார்கள். நம்மிடம் பதினைந்து வருடமாகச் சரக்கு எடுப்பவர், ஒரு நாள்கூடத் தவணை தவறியவர் இல்லை. முகம் வாடியிருந்தது. யாரோ ஒருவர் வந்து, உங்கள் பெயரில் இறக்குமதி எண் எடுத்துக் கொடுங்கள், நாங்கள் சரக்கு இறக்கிக்கொள்கிறோம், கண்டெய்னருக்கு 20 ஆயிரம் தருகிறோம் என்றாராம். இப்போது பான் எண்ணே இறக்குமதி எண். 500 ரூபாய்க் கட்டணத்தில் வீட்டிலிருந்தே எடுத்துவிடலாம். தம்பி பான் கார்டு, ஜி.எஸ்.டி. விவரம் எல்லாம் கொடுத்திருக்கிறார். டிஜிட்டல் கையெழுத்துச் சாவியையும் கொடுத்துவிட்டார். ஒரு கண்டெய்னர் வெளியே போய்விட்டது. 20 ஆயிரம் வந்துவிட்டது. இரண்டாவது கப்பலில் வந்துகொண்டிருக்கிறது.

"உள்ள என்ன சரக்கு தம்பி?" என்று கேட்டோம்.

"ஏதோ பிளாஸ்டிக் சாமான்னு சொன்னாங்க அண்ணாச்சி."

"பில் ஆஃப் என்ட்ரி பாத்தியா?"

"இல்லைங்க. எல்லாம் அவங்களே பாத்துக்கிறாங்க."

நமக்கு மணலியின் 37 கண்டெய்னர்கள் நினைவுக்கு வந்தன. அவற்றின் காகிதத்திலும் யாரோ ஒருவருடைய பெயர் இருந்திருக்கும். 2017-இல் சட்டத்தை மாற்றி, உண்மையில் பலனடையும் ஆளையும் இறக்குமதியாளர் என்ற சொல்லுக்குள் கொண்டு வந்திருக்கிறார்கள். அதனால் பெயர் கொடுத்தவர் விடுபட்டுவிட மாட்டார். முதல் நோட்டீஸ் காகிதத்தில் உள்ள விலாசத்துக்குத்தான் வரும். அந்த ஆளைத் தேடிப் பிடிப்பது பிறகு. தம்பியின் கடை மொத்தச் சரக்கும் ஐந்து லட்சம் தேறாது. ஒரு கண்டெய்னரில் வருகிற வரிக் கோரிக்கை அதை விழுங்கிவிடும். அந்த இறக்குமதி ஜி.எஸ்.டி. கணக்கிலும் ஏறும், வருமான வரிக்காரர்கள் கண்ணிலும் படும்.

அன்று மாலையே நம் ஆடிட்டரிடம் அழைத்துப் போனோம். பழைய ஆடிட்டர் காலமாகிவிட்டார், அவர் மகன். கையெழுத்துச் சாவியைத் திரும்ப வாங்கவும், கணினியில் சுங்க இலாகா கணக்கின் கடவுச்சொல்லை மாற்றவும், நடந்ததை ஒன்று விடாமல் எழுதி இலாகாவுக்குக் கடிதம் கொடுக்கவும் சொன்னார். கடிதத்தில் அந்த 20 ஆயிரத்தையும் எழுதச் சொன்னார். தம்பி தயங்கினார். "அதையுமா?" என்று நம்மைப் பார்த்தார். நாம் பிஸ்தா கதையைச் சொன்னோம். எழுதினார். இரண்டாவது கண்டெய்னர் கரை சேருவதற்கு முன் கடிதம் போய்ச் சேர்ந்துவிட்டது.

இரண்டு தடவை வாக்குமூலத்துக்குக் கூப்பிட்டிருக்கிறார்கள். சுங்கச் சட்டத்தின் 108-ஆவது பிரிவில் கொடுக்கும் வாக்குமூலம் சாட்சியமாகும், ஆகவே ஆடிட்டர் சொன்னபடி நடந்ததை மட்டும் சொல்லிவிட்டு வந்திருக்கிறார். விஷயம் இன்னும் முடியவில்லை. அந்த நாட்களில் அவர் மனைவி மட்டும் கடையில் இருப்பார். நம் பையன் போய் மூட்டை இறக்கிக் கொடுத்துவிட்டு வருவான்.

இப்படிப் பெயர் கேட்டு வருகிறவர்கள் நம் பகுதியில் இன்னும் சிலரையும் அணுகியிருப்பதாகக் கேள்விப்படுகிறோம். ஏற்கெனவே கொடுத்துவிட்டவர்கள் வெட்கப்பட்டுக்கொண்டு இருக்க வேண்டாம். வியாழக்கிழமை மாலை சங்க அலுவலகத்துக்குக் காகிதங்களோடு வாருங்கள். நாமும் இருப்போம், ஆடிட்டரும் வருவதாகச் சொல்லியிருக்கிறார். கப்பல் வரும் தேதி தெரிந்தால் அதையும் குறித்துக்கொண்டு வாருங்கள்.